ஏழுகால் சீமாட்டி

பஸ் டிரைவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைக்கு நன்றாகக் கட்டையைக் கிடத்தினால்தான் மற்ற ஆறு நாளும் இடுப்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் ஒன்றரை வருடமாக அதற்கும் வழியில்லை. மகளின் அறையில் ஒன்பது கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்கு ஒன்றாக ஒன்பது டாரண்டுலா சிலந்திகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர்.

"ரெண்டே மாசம்ப்பா. வீடு பாத்ததும் வந்து எடுத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் வேலைக்காக வெளிநாட்டு விமானம் ஏறினாள். தாள் ஒன்றில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தாள். இரைக்கு வாரம் ஒரு சிள்வண்டு. தண்ணீர்க் கிண்ணம் காயக்கூடாது. கையால் தொடக்கூடாது, இடுக்கிதான். அதையும் மீறி ஒருமுறை மணலைக் கிளறப்போய், சிலந்தி பின்னங்காலால் உதிர்த்துவிட்ட மயிர் பட்டு இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டே பஸ் ஓட்டினார்.

மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். "அந்த ரூமுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். நீங்களாச்சு, உங்க பொண்ணாச்சு." சொன்னபடியே வாசற்படியோடு நின்றுகொள்வாள். அங்கிருந்தபடியே, "இது எத்தனை வருஷம் உசிரோட இருக்குமாம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பொட்டைன்னா இருபது வருஷமாம்."

"அப்போ நம்ம காரியத்துக்கு அதுங்கதான் வரணும்."

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் இடுப்பு வலித்தது.

அந்த மாதம் டிப்போவில் இரண்டு பேர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, இவர் தலையில் இரட்டை டியூட்டி விழுந்தது. வார விடுமுறையும் போயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கும். அறைப்பக்கம் போய்ப் பதினோரு நாளாகிவிட்டது என்பது, விடுமுறை கிடைத்த அன்று காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

போய்ப் பார்த்தால், ஒன்பதில் பெரியவளான சீமாட்டி மல்லாந்து கிடந்தாள். எட்டுக் காலும் மேலே. கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் முதன்முதலாக வாங்கியது அது. பெயர் வைத்ததும் அவள்தான்.

டிரைவர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'கொன்னுட்டேனே' என்று மனசு அடித்துக்கொண்டது. வருத்தத்துக்குள்ளேயே, ஒரு பெட்டி குறைந்தது என்ற நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அதை நினைக்கத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து மூடியைத் திறந்தார். இடுக்கியால் ஒரு பின்னங்காலைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

"ஏங்க! ஆடுதுங்க அது!" என்று வாசலிலிருந்து மனைவி கத்தினாள்.

பட்டென்று விட்டுவிட்டார். உண்மைதான். ஒரு கால் மட்டும் லேசாக மடங்கி நீண்டது.

மகளுக்கு வீடியோவில் அழைத்தார். ஃபோனைப் பெட்டிப்பக்கம் திருப்பியதுமே அவள் பதறினாள். "அப்பா, தொடாதீங்க! செத்தா கால் உள்பக்கமா சுருங்கும், இப்படி மல்லாந்து கிடக்காது. அது தோல் உரிக்குது. கிண்ணத்துல தண்ணி மட்டும் ஊத்துங்க, உள்ள சிள்வண்டு இருந்தா எடுத்துருங்க, இப்போ அது கடிச்சாலே இவ போயிடுவா. நீங்க எதுவும் தொடலையே?"

"இல்லம்மா."

மனைவி அவரைப் பார்த்தாள்.

தூங்க வேண்டிய பகல் அப்படியே போயிற்று. மற்ற எட்டுக்கும் தண்ணீரும் இரையும் வைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். சிலந்தியின் முதுகு ஓடு டப்பா மூடி மாதிரி விலகியது. உள்ளிருந்து வெளிறிய புது உடம்பு, விரலில் ஒட்டிக்கொண்ட ஈரக் கையுறையைக் கழற்றுவது போல, பழைய கால்களுக்குள்ளிருந்து புதுக் கால்களை இழுத்தது. ஓர் இழுப்பு, நெடுநேரம் ஓய்வு, மறுபடி ஓர் இழுப்பு. எப்போது வந்தாள் என்று தெரியாது, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பெத்தவளுக்குத்தான் இந்த வலி தெரியும்" என்று முணுமுணுத்தாள். "முக்கு, முக்கு."

ஏழு கால்கள் வந்துவிட்டன. எட்டாவது வரவில்லை. இடுக்கி பட்ட அதே கால். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துப் பார்த்துவிட்டு, சீமாட்டி அதைப் பழைய தோலோடு விட்டுவிட்டு நகர்ந்தாள்.

சாயங்காலம் மகளே அழைத்தாள். டிரைவர் எடுத்த எடுப்பில் சொன்னார். "நான் இடுக்கியால காலைப் பிடிச்சுத் தூக்கிட்டேம்மா. செத்துடுச்சுன்னு நெனச்சேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஒரு கால் போச்சு."



"பரவால்லப்பா. அடுத்த தடவை தோல் உரிக்கும்போது முளைச்சிடும்." என்றாள் மகள். "நானும் உங்ககிட்ட மறைச்சிருக்கேன். இங்க இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். இதுங்களைக் கொண்டுவரவும் இங்க விட மாட்டாங்க. போன வருஷமே தெரியும். சொன்னா நீங்க தளர்ந்துடுவீங்கன்னு..."

"நான் தளர்ந்து ரொம்ப நாளாச்சு கண்ணு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் மகள் அழுதாள்.

சிலந்திகளை வேறொருவரிடம் ஒப்படைக்க அவளே ஏற்பாடும் செய்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர், வீட்டில் இருபது முப்பது சிலந்தி வளர்ப்பவர், மறுவாரம் வந்து எட்டுப் பெட்டிகளை அலுங்காமல் எடுத்துப் போனார். சீமாட்டியை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். "பல்லு இன்னும் வெள்ளையா இருக்கு பாருங்க, கெட்டியாகல. ஒரு இரையாவது எடுக்கட்டும். அப்புறம் வந்து வாங்கிக்கறேன்."

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் அழைத்தபோது டிரைவர் டியூட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "நேத்துதாங்க சாப்பிட்டுச்சு" என்றார்.

"நல்லது. அப்போ ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

வாங்க என்ற ஒரு சொல்தான் பாக்கி. அவர் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து ஃபோனை வாங்கினாள். "இந்த ஒண்ணு இருக்கட்டுங்க. காலை ஒடிச்சு அனுப்ப மனசு வரல. முளைக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"அதுக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும்டி" என்றார் டிரைவர்.

"ஆகட்டும். பகல்ல நான் பாத்துக்கறேன். அந்த இடுக்கியை எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் காட்டிட்டுப் போங்க."

பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அவர் அறைக்குள் போனார். அவளும் பின்னாலேயே வந்தாள்.