சம்பளத்தில் கால்

என் வீட்டுக்காரர் சுதீருக்கு வேதம், சாஸ்திரம் எல்லாமே ஒரு வரிதான்: வண்டிக்குப் போகிற பணம் வருமானத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. தெரிந்தவர்கள் யார் கார் வாங்கினாலும் தவணை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று துருவிக் கேட்டுவிட்டு, "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்பா" என்று முடிப்பார். அந்த வீட்டில் அப்புறம் எங்களுக்கு இரண்டாவது காபி கிடைக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஸ்கூட்டர் வந்தது அதே கால் பங்கில்தான். அதனால் முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடிந்ததில்லை.

அதற்கு முன் அவர் சைக்கிளில் ஆபீஸ் போவார். நான் காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பிதுங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போவேன். ஒருநாள் நெரிசலில் புடவை கிழிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பார்த்தார். அந்த மாதமே லோன் போட்டு ஸ்கூட்டரோடு வாசலில் நின்றார். "கரெக்டா கால் பங்கு. அதுக்கு மேல ஒரு பைசா இல்ல" என்றார். காதல் வசனம் அவருக்கு அவ்வளவுதான் வரும்.

அந்தப் பின்சீட்டில்தான் நான் குடித்தனம் நடத்தினேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் மாமியார், நாத்தனார், நாங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றரை அறை. பேச வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் கத்துவேன். கோல்ஸ் பார்க்கைத் தாண்டுவதற்குள் நாத்தனார் புராணம் முடிந்துவிடும். அல்சூர் ஏரிக்கரையில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சுட்ட சோளம் வாங்கித் தருவார். காற்றில் நான் சொல்வது பாதி அவருக்குக் கேட்காது. கேட்காததற்கும் சளைக்காமல் பதில் சொல்லுவார்.

முதல் வருஷம், ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தபோது, "எனக்காக லோன் போட்டீங்களே, வருத்தமா?" என்று கேட்டேன். தங்கை கல்யாணத்துக்கு அவர் பணம் சேர்க்க வேண்டிய நேரம் அது. ரொம்ப நாளாக எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அவர் கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். "வருது, வருது. கெட்டியா புடிச்சுக்கோ" என்று வண்டியை முறுக்கினார். 'வருத்தமா' என்றது அவர் காதில் 'வருதா' என்று விழுந்திருக்கிறது. சொன்ன மாதிரியே மழையும் வந்தது. ஒரு பேக்கரியின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கி, ஆளுக்கொரு பன்னைத் தின்றோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் ஆயுசில் ஒரே ஒரு சாயங்காலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.

போன வருஷம் என் இடது முட்டி வீங்கியது. ஸ்கூட்டரில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகிறேன், அவர் தனியாக ஸ்கூட்டரில் போகிறார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கும் அவர் மட்டும்தான். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டே பேர், இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் பேச்சு வற்றிப்போய்விட்டது. டிவிதான் பேசுகிறது. அந்தப் பின்சீட்டை நினைத்து ஒருநாள் சமையலறையில் நின்று அழுதேன்.

அவர் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காபி குடிக்கும்போது, "கார் ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு?"

"விரல் கெடக்குது. முட்டி வீங்கியிருக்கே" என்றவர், உடனே, "ஆனா கால்தான். ரிட்டையர் ஆகப்போற நேரத்துல கடன் காலைச் சுத்தின பாம்பாயிடும்" என்று சேர்த்துக்கொண்டார். சத்தமில்லாமல் டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்தார்.

ஷோரூமில் பார்கவி என்ற பெண் எங்களைக் கன்னடத்தில் வரவேற்று, நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினாள். கால் பங்குக்குள் அடங்குகிற ஒரு சின்ன கார் இருந்தது. "கூத்கொளி மேடம், உக்காந்து பாருங்க" என்று கதவைத் திறந்தாள். தாழ்வான சீட். பொத்தென்று விழுந்துவிட்டேன். உட்காருவது சுலபமாக இருந்தது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஒரு காலை வெளியே வைத்து எம்பினேன், முட்டிக்குள் ஊசி குத்திய மாதிரி வலி. சொன்னால் இந்தக் காரும் இல்லாமல் போய்விடும், மறுபடி ஆளுக்கொரு திசைதான் என்று பயமாக இருந்தது. சீட்டைத் தடவிக்கொடுத்தபடி, "நல்லா மெத்து மெத்துன்னு இருக்குங்க. இதையே எடுத்துக்கலாம்" என்றேன்.

"மேடத்துக்கு இறங்கவே மனசில்ல சார்" என்று பார்கவி சிரித்தாள்.

சுதீர் சிரிக்கவில்லை. கதவின் விளிம்பை இறுகப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, "அது என்ன விலைம்மா?" என்று உயரமான ஒரு காரைக் காட்டிக் கேட்டார்.

அதில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தேன், அப்படியே இறங்கினேன். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பார்கவி தவணையைச் சொன்னாள். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தாலும் அது காலுக்கும் அரைக்கும் நடுவில் நின்றது.

அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? கால்தானே சொன்னீங்க?"

"கால்தான் சொன்னேன்" என்றார். "எந்தக் கால்னு நீதான் கேக்கல."

இத்தனை வருஷம் கஞ்சன் என்று திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

ஓட்டிப் பார்க்க வண்டியைக் கொடுத்தார்கள். பார்கவி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். புதுசாகக் கற்றுக்கொண்டவர், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டினார். வானம் மூடியிருந்தது. நான் பழக்கதோஷத்தில் அவர் தோளில் கையை வைத்து, காதுப்பக்கம் சாய்ந்து, "இவ்வளவு போடறோமே, வருத்தமா?" என்று கத்தினேன்.

"ஏன் கத்தறே? கண்ணாடி ஏத்தித்தானே இருக்கு" என்றார்.

வானத்தை அவர் பார்க்கவில்லை. சிக்னலில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இல்ல" என்றார். "மழை வந்துச்சே, அன்னிக்கும் இல்ல."