சீராகப் போன கிடாரி

எங்கள் வீட்டுப் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது எங்கள் தொழுவத்தில் பிறந்த கிடாரிக் கன்று ஒன்றும் கூடப் போகும். என் பாட்டனார் காலத்து முறை அது. நாங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பட்டு நெசவுக்காரர்கள். நிலம் அதிகம் இல்லை. ஆனால் இந்த வீரபத்திரன் வீட்டு மாடு சோடை போயிற்று என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் மகள் ஞானசுந்தரியும் மகன் பன்னீர்செல்வமும் இரட்டைப் பிள்ளைகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் எங்கள் பசுவும் ஒரு காளைக் கன்றும் ஒரு கிடாரியுமாக இரட்டை ஈன்றது. இரட்டையில் பிறந்த பெண்ணுக்கு இரட்டையில் பிறந்த கன்று என்று நானே தேர்ந்தெடுத்து, கழுத்தில் மணி கட்டி, அவள் புகுந்த ஊரான மாகறலுக்கு அனுப்பினேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததுபோலவே கன்றையும் பார்த்து மெச்சினார்கள்.

நான்கு வருஷம் ஆயிற்று. கன்று மாடாயிற்று, சினை பிடிக்கவில்லை. ஞானசுந்தரிக்கும் பிள்ளை இல்லை. 1959 தைப் பொங்கல் கழிந்ததும் சம்பந்தி பாண்டுரங்கன் மாட்டை ஆள் வைத்துத் திருப்பி அனுப்பினார். எங்கள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கொஞ்ச நாள் உங்களிடம் இருக்கட்டும் என்று மரியாதையாகத்தான் சொல்லியனுப்பியிருந்தார். சீராகப் போன மாடு திரும்பி வந்தால் என்ன பொருள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து வருவது பெண்.

என் மனைவி கனகா அழுதாள். நான் மாட்டில் குறை இல்லை என்று நிரூபிக்க முடிவு செய்தேன். அதன்பின் அவர்கள் வளர்ப்பில்தான் குறை என்றாகிவிடும். உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சாமுவேலை வீட்டுக்கே வரவழைத்தேன்.

அவர் முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தார். கை கழுவும்போது, இது பிறந்தபோது கூடவே காளைக் கன்று பிறந்ததா என்று கேட்டார். பிறந்தது என்றேன், பெருமையாகவே.

"அப்ப சரி. இதுக்குக் கர்ப்பப்பை வளரவேயில்லை. நூல் மாதிரி இருக்கு. எந்த மருந்தும் உதவாது."

எனக்குக் கோபம் வந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றுக்குள் எல்லா உயிரும் ஒரே ஒரு சிறு அணுவாகத்தான் தொடங்குகிறதாம். அது இரண்டாகி, நான்காகி, ஒரு உருண்டையாகிறது. அதில் எது கண், எது குளம்பு என்று அப்போது முடிவாகியிருக்காது; எதுவும் எதுவாகவும் ஆகலாம். பிறகு அக்கம்பக்கத்திலிருந்து வரும் தாக்கீதுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் ஒரு வழியில் போகிறது, போனபின் திரும்புவதில்லை. ஆண், பெண் என்பதற்கான உறுப்பும் முதலில் பொதுவாகத்தான் இருக்கிறது. இரட்டை மாட்டுக் கன்றுகளின் நஞ்சுக்கொடிகள் ஒட்டி, ரத்தக் குழாய்கள் சேர்ந்துவிடுகின்றன. காளை தன் வழியில் முந்திப் போக, அதன் உடம்பில் ஊறும் ரசம் ரத்தத்தோடு கிடாரிக்கும் வந்து, அதன் வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

உள்ளே தறியில் பன்னீர்செல்வம் நெய்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கனகாவை டாக்டருக்குக் காப்பி போடச் சொல்லி அனுப்பினேன். அவள் போனதும் கேட்டேன்.

"இது மாட்டுக்கு மட்டுந்தானா?"

"யாருக்காகக் கேக்கறீங்க?"

குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "எம் பொண்ணு ரெட்டைப் பொறப்பு. கூடப் பொறந்தவன் ஆம்பள."

மனிதர்களில் அப்படி நடப்பதில்லை என்றார். கொடிகள் ஒட்டிக்கிடந்தாலும் ரத்தம் அப்படிக் கலப்பதில்லை. அவரவர் வழி அவரவர்க்கு. பிள்ளை பிறக்குமா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தில் லேடி டாக்டரிடம் காட்ட வேண்டும், புருஷன் பெண்டாட்டி இருவரையும் காட்ட வேண்டும் என்றார்.

மாட்டைச் சத்தமில்லாமல் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று கனகா சொன்னாள். ஆனால் இரட்டைக் கிடாரி சினை பிடிக்காது என்று மாகறலில் எந்த மாட்டுக்காரனாவது ஒருநாள் சொல்லத்தான் போகிறான். அந்தப் பாதி விஷயம் மட்டும் போய்ச் சேர்ந்தால் என் மகள் கதி அதோடு முடிந்தது. முழுவதையும் நானே போய்ச் சொல்வது என்று தீர்மானித்தேன். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. பன்னீர்செல்வம் வேறொரு கிடாரியை ஓட்டிக்கொண்டு உடன் வந்தான்.

பாண்டுரங்கன் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மருமகன் சுப்பிரமணி தறிக் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். ஞானசுந்தரி கதவோரம் நின்றாள். மாட்டைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சம்பந்தியம்மாள் ஆண்டாளம்மாள் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

"மலட்டு மாட்டத்தான் எங்க தலையில கட்டினீங்களா, சம்பந்தி?"

"தெரிஞ்சி கட்டல. ஒசத்தின்னு நெனச்சிக் குடுத்தேன்."

"அந்த மாடும் ரெட்டை. எங்க வூட்டுக்கு வந்ததும் ரெட்டை."

இதற்குத்தான் நான் வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்தேன். பாண்டுரங்கன் பட்டுக்குச் சாயம் போடுவதில் பேர் போனவர். அவரைப் பார்த்தே சொன்னேன்.

"வெள்ளைப் பட்டு எந்தச் சாயத்தையும் ஏத்துக்கும். ஏறினப்புறம் மாறாது. ரெண்டு கழி நூல ஒரே தொட்டியில போட்டா, அரக்குச் சாயம் ரெண்டுலயும் ஏறும். மாட்டு வயித்துல நடந்தது அதான். மனுச வயித்துல தனித்தனித் தொட்டி. பக்கத்துல பக்கத்துல கீது, அவ்ளோதான்."

பாண்டுரங்கன் மோவாயைத் தடவினார். "தொட்டிக்கு நடுவுல ஓட்டை இருந்தா?"

"இல்லன்னு படிச்சவரு சொல்றாரு. சாயம் ஒழுவினா உங்களுக்குத் தெரியாதா, சம்பந்தி? எம் பொண்ணு வளர்ச்சி நிக்காம வயசுக்கு வந்தவ. அதத் தெரிஞ்சிதான முறையாப் பாத்துக் கட்டிக்கினு வந்தீங்க."

அவர் சிரித்துவிட்டார். சொல்ல வேண்டிய மீதி ஒன்று இருந்தது. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாத பேச்சு அது. டாக்டர் இருவரையும் காட்டச் சொன்னார் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஆண்டாளம்மாள் மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தார். தறிச் சத்தம் நின்றது.

"நானும் வரேன், மாமா," என்றார் சுப்பிரமணி, குழியிலிருந்து எழாமலே. "இவ ஒருத்தியே கஷாயம் குடிச்சிக்கினு கீறா."

ஆண்டாளம்மாள் ஏதோ சொல்லத் தொடங்கினார். பாண்டுரங்கன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வாசலில் கட்டியிருந்த புதுக் கிடாரியை எட்டிப் பார்த்தார்.

"அது எங்க?"

"எங்க தொழுவத்துல."

"எம் மருமவ கூட வந்த மாடு உங்க வூட்ல இன்னா பண்ணுது? அனுப்பி வைங்க."

கதவோரம் நின்ற ஞானசுந்தரி உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.

மறுநாளே பன்னீர்செல்வம் மாட்டை மாகறலுக்கு ஓட்டிப் போனான். கழுத்து மணியைக் கனகா புளி போட்டுத் தேய்த்துக் கட்டியனுப்பினாள். புதுக் கிடாரியை என்ன செய்வது என்று சம்பந்தி கேட்டனுப்பினார். அதுவும் அங்கேயே இருக்கட்டும் என்றேன். சீராகப் போனது எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை.