மருதாள் பேரில் வந்த பாட்டுகள்

லிங்கசாமிக்கு முழங்கால் வலி ஒரு பக்கம், மனசு வலி ஒரு பக்கம். இருபத்தெட்டு வருஷம் ராணுவ பேண்ட் வாத்தியக் குழுவில் இருந்து, சுபேதாராக வெளியே வந்தவர். அணிவகுப்புக்கென்று அவர் போட்ட மெட்டுகள் பதினேழு. அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பனியன் கம்பெனி வேலையைப் பற்றி அவர் போட்டு, கேசட்டில் வந்த பாட்டுகள்தான். அதிலும் ஒரு கொடுமை. வேலையில் இருப்பவன் வெளியே பாட்டுக் கொடுக்க அனுமதி வாங்க வேண்டும், அது லேசில் கிடைக்காது. அதனால் கேசட் அட்டையில் பெண்டாட்டி மருதாள் பேரைப் போட்டுவிட்டார். அந்தப் பேரே நின்றுவிட்டது.

இப்போது வீரபாண்டியில் ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் கவிஞர் மருதாளுக்குப் பொன்னாடையாம். அழைப்பிதழைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“இன்னைக்கு மேடையில உண்மையச் சொல்லிப்போடுவேன்,” என்றார் கிளம்பும்போது.

“சொல்லுங்க. நானா வேண்டாங்கறேன்,” என்றாள் மருதாள், சேலை மடிப்பைச் சரிசெய்தபடி.

சண்டைக்காவது வந்திருக்கலாம், பாவி. அவருக்கு இன்னும் அலுப்பாயிற்று.

மேடையேறி, பாட்டெல்லாம் தன்னுடையது என்று சொல்லியேவிட்டார். கூட்டம் ஒரு கணம் முழித்தது, பிறகு கை தட்டியது. விழாவை நடத்திய வர்ஷினி பொன்னாடையை அவர் தோளிலேயே போட்டாள்.

“சார், ‘ஓவர்லாக் மிஷினுக்குள்ளே ஒங்க நடை கேக்குதுங்க’ன்னு ஒரு வரி. எங்கம்மாவுக்கு அதுன்னா உசுருங்க. அத்தன தூரத்துல இருந்துட்டு அத எப்படிங்க எழுதுனீங்க?”

பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பனியன் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் முன்னால் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கம்பெனியில் உட்கார்ந்து தைத்தவள் மருதாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாரா வாரம் அவருக்குக் கடுதாசி எழுதியவளும் அவள்தான். அந்த வரியைப் பாசறையில் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே மெட்டில் உட்காரவைத்தார். இத்தனை நாள் இதை எப்படி மறந்தார்? அட, எங்கே மறந்தார், வசதியாக விட்டுவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அது இவ கடுதாசியில எழுதுனதுங்க.”

“அப்ப மத்த வரியெல்லாங்க சார்?”

ஒவ்வொரு பாட்டாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் கடுதாசி. முன்வரிசையில் மருதாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மெல்ல மடித்தார்.

“மெட்டு மட்டுந்தான் என்னுதுங்க,” என்றார். “அட்டையில பேரு சரியாத்தான் போட்டிருக்குதுங்க.”