பல் டாக்டர் ஒட்டிய எண்கள்

அவன் ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவினான். தட்டையும் காபியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டான். மடியிலிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தான். எட்டு மாதமாக இதுதான் காலை.

கார் மனைவியுடையது. வயதில் அவளுக்கே மூத்தது. அவள் போனபின் அது நகரவில்லை.

மாமியார் எட்டு மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு வாய் திறந்தார்.

"வண்டின்னா ஓடணும் மாப்பிள்ளை. ஓடலைன்னா அது வெறும் நாற்காலி. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு இழுத்துட்டுப் போக ஆள் வருது. அதுக்குள்ள ஓடிச்சுன்னா வெச்சுக்குங்க."

மனைவி வாங்கிப் பிரிக்காமலே வைத்த பெட்டிகள் இரண்டு அலமாரியில் இருந்தன. ஒன்றில் பெரிய கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும். இன்னொன்றில், பொறி உண்டாக்கும் பழைய பாயின்ட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் எலெக்ட்ரானிக் இக்னிஷன். அவனுக்குக் கையேடு படிக்கத் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. எனவே மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டான். மச்சான் பல் டாக்டர்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மச்சான் கையுறை, முகமூடி, நெற்றி விளக்கு சகிதம் வந்து இறங்கினார். பானெட்டைத் தூக்கும்போது, "நல்லா வாயைத் திறங்க" என்றார், பழக்கதோஷத்தில். பழைய கார்புரேட்டரைக் கழற்றிய ஓட்டையில் பஞ்சை அடைத்தார். பிளக் வயர் ஒவ்வொன்றையும் பிடுங்கும் முன் அதில் எண் எழுதி ஒட்டினார்.

"எதுக்கு மச்சான்?"

"மாத்திப் புடுங்கிட்டா யாரு பதில் சொல்றது?"

பதினொன்றே காலுக்கு எல்லாம் பொருத்தியாயிற்று. பஞ்சைக்கூட மறக்காமல் எடுத்துவிட்டார்கள். அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான்.

கார் தும்மியது.

சாதாரணத் தும்மல் இல்லை. புது ஏர் ஃபில்டர் கிளம்பிப் போய், மாமியார் துணி ஊறவைத்திருந்த வாளியில் விழுந்தது. மறுபடி திருப்பினான். மறுபடி தும்மல், இந்த முறை கொஞ்சம் நெருப்பும் வந்தது.

"புது மூக்கு வெச்ச அன்னைக்கே சளியா?" என்றார் மாமியார், வாளியிலிருந்து ஃபில்டரை எடுத்துப் பிழிந்தபடி.

பதினொன்றே முக்காலுக்கே இழுவை வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினார். "கட்டிடலாமா சார்?"

"பதினஞ்சு நிமிஷம் இருக்கு" என்றான். குனிந்து வயர்களைப் பார்த்தான். முன்னாலிருந்து வரிசையாக 11, 12, 21, 22 என்றிருந்தது.

"மச்சான், சிலிண்டரே நாலுதான். இருபத்திரண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"அது மேல்வரிசை, இடது பக்கம் ரெண்டாவது."

"என்னது?"

"நாங்க நடுவுலேருந்துதான் எண்ணுவோம். வலப்பக்கம் பதினொண்ணு, பன்னெண்டு. இடப்பக்கம் இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. எல்லா டாக்டரும் அப்படித்தான்."

"அது பல்லுக்கு மச்சான்!"

"நீ எப்படி எடுத்துக்கிட்டே?"

"சின்ன நம்பர் முதல் சிலிண்டர்னு வரிசையாச் செருகிட்டேன்."

"ஐயையோ. பன்னெண்டுதான் முன்னால இருந்தது."

முதல் சிலிண்டரின் பொறி இரண்டாவதற்கும், இரண்டாவதன் பொறி முதலாவதற்கும் போயிருந்தது. அவன் இரண்டு வயரையும் மாற்றிச் செருகினான். சாவியைத் திருப்பினான்.

கார் ஒருமுறை கனைத்தது. பிறகு ஓடியது, சீராக, கனமாக, கொட்டகைத் தகரம் அதிர ஓடியது. மச்சான் எஞ்சினைத் தட்டிக்கொடுத்து, "ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்காதீங்க" என்றார். இழுவைக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினார்.

"நின்ன இடத்துல உறுமினாப் போதாது. வெளியே எடுங்க" என்று மாமியார் வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். அதனால் அவன் ஓட்டும் இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

ரிவர்ஸ் போட்டான். கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுப் பின்னால் பார்த்தான். சட்டென்று உள்ளே வந்து கதவைச் சாத்தினான். சிரித்தான்.

"என்ன மாப்பிள்ளை?"

"கடைசியா அவ என்ன சொன்னான்னு எல்லாரும் கேட்டீங்களே."

"ஒண்ணும் சொல்லலைன்னீங்க."

"சொன்னா அத்தை. ஆஸ்பத்திரியிலேருந்து துணி எடுக்க வீட்டுக்குக் கிளம்பினேன். இந்தக் கார் சாவியைக் குடுத்துட்டுச் சொன்னா."

மாமியார் எஞ்சின் சத்தத்தில் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"'ரிவர்ஸ் எடுக்கறப்போ கதவைத் திறந்துட்டுத் தொங்காதீங்க. கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, தலை வாரவா?'"