வெல்லம் ஏறிய வண்டி

எறும்புக்கு வேலையைப் பறிகொடுத்த குடும்பம் என்று யாரும் எங்களைச் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் வண்டியின் கதவுகளை எல்லாம் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் புருஷன் தானியேல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வண்டி ஓட்டுகிறார். ஏழு பேர் உட்காரும் சொந்த வண்டி. சாயங்காலம் பொன்னேரி, சோழவரம் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார், வேலை முடிந்தவர்களை வீட்டில் விட்டுவிட்டு விடிந்துதான் வருவார். நான் பகலில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். அவர் வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். ஞாயிறு ஒரு நாள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், அதிலும் பாதி சண்டையில் போகும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வண்டியில் வந்த ஸ்ரேயா என்ற பெண்ணின் கழுத்தில் எறும்பு ஏறிக் கடித்துவிட்டது. கழுத்தெல்லாம் தடித்துப்போய், அழுதுகொண்டே கம்பெனிக்குள் போயிருக்கிறாள். வண்டிகளைக் கவனிக்கிற அருணாச்சலம் சார் எனக்கே போன் போட்டுவிட்டார்.

"உங்க ஊட்டுக்காரரு போனே எடுக்க மாட்றாரு. ஞாயித்துக்கிழமை சாய்ந்தரம் வண்டி கிளீனா வரணும். ஒரு எறும்பு இருந்தாலும் வேற வண்டி போட்டுடுவேன்மா. அப்பறம் என்னாண்ட வந்து அழக் கூடாது."

எறும்பு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன அமாவாசைக்கு என் புருஷன் ஒரு குடும்பத்தைத் திருவள்ளூர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே உடம்பில் கட்டி, மரு என்று வந்தால் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரைந்துபோகும் என்று நம்பிக்கை. இருக்கட்டும், அவரவர் சாமி. அதற்காக மூட்டை கிழிந்து பின்சீட்டெல்லாம் கொட்டினால் வாயைத் திறந்து கேட்க வேண்டாமா இந்த மனுஷன்?

"ஆரோ வேண்டிக்கினதுக்கு நம்ம வண்டியில எறும்பு! வாயில இன்னாயா கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று காலையில் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"வயசானவங்கமே. இன்னானு கேக்கறது? உடு, ரெண்டு நாள்ல அதுவா பூடும்."

"போறது எறும்பு இல்ல, வண்டிதான்!"

நாஷ்டாவைத் தின்றுவிட்டு, லுங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மிதியடி, சீட்டு கவர் எல்லாவற்றையும் உருவி வெயிலில் போட்டேன். பின்சீட்டு இடுக்கிலிருந்து வெல்லத் தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தோண்டித் தோண்டி எடுத்தேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிசுக்குப் போகத் துடைத்தேன். மஞ்சள்தூள் போட்டேன், எறும்பு சாக்பீஸால் கதவோரமெல்லாம் கோடு கிழித்தேன். இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், சனியன், திரும்பவும் வரிசை போட்டுக்கொண்டு போகிறது!

ஆத்திரத்தில் துடைப்பத்தை ஓங்கினேன். ஓங்கினவள் அப்படியே நின்றுவிட்டேன். வரிசை பின்சீட்டுப் பக்கமே போகவில்லை. வண்டியை ஒட்டி நின்ற மரத்திலிருந்து இறங்கி, சக்கரத்தில் ஏறி, நேராக டிரைவர் சீட்டுக்கு அடியில் போனது.

குனிந்து கையை விட்டேன். அவருடைய ஷூ வந்தது. டிரைவர்கள் கருப்பு ஷூ போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று கம்பெனியில் ரூல். இவர் அதை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, செருப்போடு வீட்டுக்கு வருவார். இடது ஷூ சும்மா இருந்தது. வலது ஷூவுக்குள் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. சாக்ஸை இழுத்தேன். அடியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வந்தபோது அடிப்பக்கம் அட்டை மாதிரி விறைத்து, மஞ்சளாகக் கறை. நாற்றம் குப்பென்று அடித்தது.

உள்ளே ஓடினேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். லுங்கியை விலக்கி வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டை விரலுக்கு அடியில், ரூபாய்க் காசு அகலத்தில் பள்ளம். நடுவில் சீழ். ஓரத்தில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

ஐயோ ஏசுவே.

எறும்பை எடுத்துப் போட்டேன். புண்ணைச் சுற்றித் தொட்டேன். குறட்டை நிற்கவில்லை. விரலை அழுத்தினேன். நகத்தால் கிள்ளினேன், நன்றாகவே கிள்ளினேன். ஒரு அசைவு இல்லை. தூங்குகிற மனுஷனின் காலைப் பிடித்துக்கொண்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னாமே, எறும்பு பூடுச்சா?"

"கால்ல இன்னாயா இது?"

சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "ஷூ கடிச்சிடுச்சி. ஆறிடும்."

"சக்கரைக்கு மாத்திரை போட்றியா?"

"போட்டா தலய சுத்துது. சுத்தினா எப்டி ஓட்றது?"

போன வருஷம் மெடிக்கல் கேம்பில் சர்க்கரை என்று சொன்னார்கள். மாத்திரை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றார், நானும் வாங்குகிறார் என்று இருந்துவிட்டேன். என்னத்தைச் சொல்ல!

"பிரேக்க எந்தக் கால்ல மிதிக்கிற?"

"இன்னா கேள்வி இது? ரைட்டு கால்லதான்."

"மிதிக்கிறது தெரியுதா?"

சுவரைப் பார்த்தார். நான் அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்க்க வைத்தேன்.

"வண்டி நிக்குதில்ல," என்றார். "அத்தவெச்சி தெரிஞ்சிக்குவேன்."

ஆறு பெண்பிள்ளைகள். லாரி ஓடுகிற ஹைவே. தினம் அந்தக் காலை நம்பித்தான் அவர்கள் ஏறி உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறார்கள். கோபமா பயமா என்று தெரியாமல் அவர் தோளில் படார் படார் என்று அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

போனை எடுத்தேன்.

"ஆருக்கு?" என்றார். "விக்டோரியா, வேணாம். நாளைக்கி ஆஸ்பத்திரிக்கி வரேன், சத்தியமா. இன்னைக்கி ட்ரிப்ப முடிச்சிட்டு வந்துட்றேன்."

மறுமுனையில் அருணாச்சலம் சார். "இன்னாமா, எறும்பு போச்சா?"

"வண்டி சுத்தமா கீது சார்."

"நல்லதாப் போச்சு. அப்ப டைமுக்கு அனுப்பிடு."

"வண்டி வராது சார். வேற வண்டி போட்டுக்குங்க. அவருக்கு சக்கரையில கால் மரத்துப் போயிருக்குது. பிரேக்க மிதிக்கிறதே தெரியல."

தானியேல் கட்டிலிலிருந்து இறங்கி, அந்தக் காலை ஊன்றியே நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார்.

"இன்னைக்கி மட்டும்னு சொல்லுமே. இன்னைக்கி மட்டும் வராதுன்னு சொல்லு."

நான் அப்படிச் சொல்லவில்லை.