நோலாவின் கை அளவு

ரேவினின் ரம்பம் துப்பாக்கியின் மரத்தில் இறங்கியதும் தம்பி லிண்ட்ஸி கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நிறுத்து. அந்த மரத்துக்காக ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன்."

"அலைஞ்சே, யாரு இல்லேன்னா? அதக் கொண்டுபோய் அப்பா கையில குடுத்தியே, அவரு என்ன சொன்னாரு?"

மூன்று நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த அப்பா மெர்வின், அன்று காலை, "நோலாவோட துப்பாக்கியக் கொண்டா" என்று கேட்டார். அம்மா நோலா செத்துப்போய் ஒன்பது வருஷமாகிறது. மகன் ஓடிப்போய் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். கண் தெரியாத கிழவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது யாரோடதுடா? உடையவங்ககிட்ட குடுத்துடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த நர்ஸ், இன்றைக்குத் தாண்டாது என்று ரேவினிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அது நியூசிலாந்துப் பட்டாளம் கழித்துவிட்ட துப்பாக்கி. உலகப் போர் முடிந்த கையோடு அவர்கள் ஊரான ரீஃப்டன் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான். குழலின் நுனிவரை மரம் போர்த்திய அந்தச் சனியனைச் சுமந்துகொண்டு மலையேறினால், மானைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மூச்சு போய்விடும். அதனால் வாங்கினவர்கள் எல்லோரும் முதல் வேலையாக முன்மரத்தைப் பாதிக்கு மேல் அறுத்து எறிந்தார்கள். மெர்வினும் எறிந்தார். அதோடு நிற்காமல் தோளில் பதிகிற பின்கட்டையையும் அறுத்தார். கல்யாணமான புதிது, நோலா குள்ளம், அவளுக்கு விசைக்குக் கை எட்டவில்லை. பிள்ளைகள் தின்று வளர்ந்த மான்கறியெல்லாம் அம்மா சுட்டதுதான். தனக்குக் குறி சுத்தமாகப் போதாது என்பதை அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

லிண்ட்ஸி நெல்சன் நகரத்தில் பழைய துப்பாக்கிகளைச் சீர்செய்து பேர் வாங்கியவன். அறுபட்ட பட்டாளத் துப்பாக்கியைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும். அடுத்த மாதம் வரும் அப்பாவின் பிறந்தநாளுக்கென்று, துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி எடுத்துப்போய், அறுபடாத முழு மரம் தேடிப்பிடித்துப் பூட்டினான். பழைய கட்டைகள் அவன் பட்டறை அடுப்பில் எரிந்தன. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையை ஒடித்திருப்பாள்.

முன்மரம் தரையில் விழுந்தது. அதில் சிரமமில்லை, குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நடு வளையத்தை ஒட்டித்தான் ஊரே அறுத்தது. பின்கட்டையைத் திருப்பி வைத்த ரேவின் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுல எவ்வளவுடா அறுக்கணும்?"

"தெரியலக்கா."

"அளக்கலியா நீ? ஒரு ஆணியக்கூட நோட்டுல எழுதாம விட மாட்டியே."

"தப்பா அறுத்த கட்டைன்னு நெனச்சுட்டேன். தப்பப் போய் எவனாவது அளப்பானா?" தரையில் விழுந்த முன்மரத்தை எடுத்து ஓரமாக வைத்தான். "அடுப்புல போடறப்போ விசில் வேற அடிச்சிக்கிட்டிருந்தேன்."

ரேவினுக்குத் திட்ட மனம் வரவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். லிண்ட்ஸி அவள் கையையே பார்த்தான்.

"முழங்கைய மடக்கு."

"எதுக்கு?"

"அம்மாவோட மழைக்கோட்டு உனக்குத்தானே அளவெடுத்த மாதிரி இருந்துச்சு? மடக்கேன்."

கட்டையை ஆளுக்கு அளப்பது அப்படித்தான். அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையைத் தொட வேண்டும். ரேவினின் விரல் விசைக்கு எட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளியே நின்றது. அந்த இரண்டு விரற்கடைக்கு லிண்ட்ஸி பென்சிலால் கோடு போட்டான். பிறகு அவளிடமிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டான்.

"நான் அறுக்கறேன்."

ஒரே மூச்சில் அறுத்தான். அடியில் பித்தளைத் தகடு பூட்ட நேரமில்லை. ஓரத்தை மட்டும் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தான். இருவரும் மழையில் முற்றத்தைக் கடந்து ஓடினார்கள்.

மெர்வினுக்கு மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ரேவின் அவர் கையை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தாள். வெகுநேரம் அது வைத்தபடி கிடந்தது. லிண்ட்ஸி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விரல்கள் மெல்ல நகர்ந்து, அறுத்த இடம்வரை போயின. கட்டைவிரல் அந்த ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தது.

"பச்சையா இருக்கே" என்றார் மெர்வின். "எண்ணெ போடலியா? அவ தோள்ல சிராய் ஏறிடும்டா."

"இதோ போட்டுடறேன்ப்பா."

ஆளிவிதை எண்ணெய் டப்பாவையும் ஒரு பழைய பனியனையும் கொண்டுவந்து லிண்ட்ஸி கட்டிலோரம் மண்டியிட்டான். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்தான். வெளுத்த மரம் கறுத்துக்கொண்டு வந்தது. ரேவினுக்கு அழுகை ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இறங்கியது மறுபடி ஏறவில்லை.

"லிண்ட்ஸி."

"தெரியும்க்கா."

அவன் எழுந்திருக்கவில்லை. மரத்தின் மேலிருந்த அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அவற்றின் அடியில் எண்ணெய் படாமல் விட்டிருந்த இடத்தையும் தேய்க்கத் தொடங்கினான்.