வந்த வழியில் ஓடிய வேட்டை

டெல்பினா அர்விசுவின் நாய்கள் பொய் சொல்லாது. இதை அவள் எவரிடம் வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வாள். அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், பூமா எனப்படும் மலைச்சிங்கத்தை வேட்டையாட ஆள் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் பதினோரு பேர். பத்து ஆண்கள், ஒரு டெல்பினா. அந்தப் பத்துப் பேரும் முதல் வருடம் அவளைக் கேலி செய்தார்கள். இரண்டாம் வருடம் அவளிடமே நாய்க்குட்டி கேட்டு வந்து நின்றார்கள்.

அப்பேர்ப்பட்டவளுடைய பிழைப்பே இன்றைக்குக் கேள்வியாகியிருந்தது. ஹார்லன் ஸ்ட்ரவுட் கொடுத்த தவணையில் இது மூன்றாம் நாள், கடைசி நாள். ஹார்லனுக்கு நாற்பதாயிரம் ஏக்கர் பண்ணை. அந்த வசந்தத்தில் மட்டும் மூன்று குதிரைக்குட்டிகளைச் சிங்கம் அடித்துப் போட்டிருந்தது. போன வருடம் அங்கே வேட்டையாடிய, அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கர்ட்டிஸ் ஒரு வாலைக்கூடப் பிடிக்கவில்லை. ஹார்லன் டெல்பினாவைக் கூப்பிட்டு, மூன்று நாளில் பிடித்தால் இனி இந்தப் பண்ணையில் வேட்டை உன்னுடையது, இல்லையென்றால் மறுபடியும் கர்ட்டிஸ்தான் என்று சொல்லியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் மற்ற பண்ணைகளையெல்லாம் அந்தப் பத்துப் பேரும் பங்கு போட்டுக்கொண்டாகிவிட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் நாய்களை விற்றுவிட்டு ஊருக்குள் கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு நாளும் தடம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஹார்லனே தன் குதிரையில் ஏறி, கண்ணால் பார்க்கிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டார். துப்பாக்கியோடு, காசு கட்டி வேட்டைக்கு வந்தவர் நார்பெர்ட். வடக்கே விஸ்கான்சினில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். இரண்டு நாள் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்ததில் மனிதருக்குப் பின்பக்கம் கன்றிப்போய், நின்றபடியேதான் காலையில் காப்பி குடித்தார். ஆனால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதற்காகவே டெல்பினாவுக்கு அவரைப் பிடித்திருந்தது.

விடிந்து அரைமணி நேரத்தில், வறண்ட ஓடைக்கு மேலிருந்த பாறையில் மூக்கை வைத்த பலோமா, தொண்டையைத் திறந்து நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். தலைமை நாய் அவள். மற்ற ஆறும் ஓடி வந்து சேர்ந்துகொண்டன. சிங்கத் தடம்தான், சந்தேகமே இல்லை.

இந்த இடத்தில் டெல்பினா வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. நாய்களை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, மணலில் ஒரே ஒரு காலடியாவது கண்ணில் படும்வரை தேடுவாள். பனி இல்லாத, ஈரம் இல்லாத வெறும் பாறைத் தரையில் நாய்க்கு வாசனை தெரியும். ஆனால் சிங்கம் எந்தப் பக்கம் போனது என்பது எப்போதும் தெரிந்துவிடாது. கால்விரல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மனிதன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் இறங்கிக் குனிந்தாள். பத்து நிமிடம் ஆனது. காலடி எதுவும் அகப்படவில்லை.

"காசு கீசு தொலைச்சுட்டியா?" என்று மேலேயிருந்து ஹார்லன் கேட்டார். "நாயே சொல்லுது. இன்னும் என்னத்தக் குனிஞ்சு குனிஞ்சு பாக்குற? கர்ட்டிஸா இருந்தா இந்நேரம் மலை மேல இருப்பான்."

கர்ட்டிஸ் பெயரைக் கேட்டதும் டெல்பினாவுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடமாகப் பலோமா தப்புத் திசையில் போனதில்லை. போகட்டும் என்று நாய்களை விட்டுவிட்டாள்.

மூன்று மணி நேரம் ஓட்டமான ஓட்டம். ஒரு முகட்டில் ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி, முட்புதரில் சட்டை கிழிந்து, மறுபடி ஏறினார்கள். ஹார்லன் முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. ஆனால் பத்து மணி வாக்கில் டெல்பினாவின் காதுக்கு ஏதோ சரியில்லை. சிங்கத்தை நெருங்க நெருங்க நாய்களின் குரல் சூடு பிடிக்க வேண்டும். இங்கே குரல் மங்கிக்கொண்டே வந்தது. அடுத்த திருப்பத்தில், பாறை இடுக்கில் கையகல மணல். அதில் அச்சடித்த மாதிரி ஒரு காலடி. விரல்கள் அவர்கள் வந்த திசையைப் பார்த்திருந்தன.

அவளுக்குப் புரிந்துபோனது. சிங்கம் விடிவதற்கு முன்பே இங்கிருந்து கீழே போயிருக்கிறது. இவர்கள் அது வந்த வழியில் மூன்று மணி நேரமாக எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறார்கள்.

மார்ச் கடைசி. வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. வெயிலில் வாசனை செத்துவிட்டது என்று சொன்னால் போதும், எந்த வழிகாட்டியையும் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஹார்லன் குதிரை வளர்ப்பவர், தடம் பார்க்கத் தெரியாதவர். இன்னும் ஒரு நாள்கூடக் கேட்டு வாங்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நாம தலைகீழா வந்திருக்கோம்," என்றாள். "சிங்கம் அந்தப் பக்கம் போயிருக்கு. காலடி பாக்காம விட்டது நான். நாய் மேல தப்பில்ல."

திங்கட்கிழமை கர்ட்டிஸுக்குப் போன் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஹார்லன் குதிரையைத் திருப்பினார். டெல்பினா வாதாடவில்லை. பேச்சு என்றால் பேச்சுதான்.

நார்பெர்ட்தான் ஒன்றும் விளங்காமல் கேட்டார். "அப்போ இந்தத் தடம் எங்கதான் போகுது?"

"சிங்கம் கிளம்பின இடத்துக்கு," என்று சொல்லும்போதே அவளுக்கு ஏதோ உறைத்தது. நூறு அடி மேலே, சரிந்து கிடந்த பாறைக்குக் கீழே மூக்கை நுழைத்துப் பலோமா குரைத்துக்கொண்டிருந்தாள். டெல்பினா விழுந்தடித்து ஏறி, நாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டினாள். பிறகு குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். உடம்பெல்லாம் புள்ளியோடு இரண்டு குட்டிகள். பூனை அளவுதான் இருக்கும். ஆனால் ஆளை விழுங்கிவிடுகிற மாதிரி சீறின.

நார்பெர்ட்டும் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"நேரா போயிருந்தா நான் இதுங்க அம்மாவச் சுட்டிருப்பேன்," என்றார்.

"ஆமா. நாய்ங்க துரத்தி மரத்து மேல ஏறி நிக்கறப்ப, குட்டி போட்டதான்னு கீழேர்ந்து தெரியாது. நானே சுடச் சொல்லியிருப்பேன்."

குரைப்புச் சத்தம் கேட்டு ஹார்லன் திரும்பி வந்திருந்தார். புள்ளி மறையாத குட்டி இருக்கும் தாயைச் சுடக்கூடாது என்பது சட்டம். அது அவருக்கும் தெரியும். ஆனாலும், இங்கே நாம் மூன்று பேர்தானே இருக்கிறோம், தாயைச் சுட்டால் யாருக்குத் தெரியும், இதுகள் வளர்ந்து தின்னப்போவதும் என் குதிரைகளைத்தானே என்றார்.

"மூணு பேருக்குத் தெரிஞ்சாச்சு, அது போதும்," என்றாள் டெல்பினா. "நான் சுட விடமாட்டேன். கர்ட்டிஸையும் விடமாட்டேன். இந்தக் குகை எங்க இருக்குன்னு இன்னைக்கே வனவிலங்கு அதிகாரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். நீங்க குட்டி போட்ட குதிரைங்கள வீட்டுப் பக்கம் இறக்கிடுங்க. ஓட்டிட்டு வர ஆள் வேணும்னா நான் வர்றேன், சும்மாவே வர்றேன். செப்டம்பர்ல புள்ளி மறைஞ்சுடும். அப்புறம் யாரு வேட்டையாடறாங்கன்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க."

மலை இறங்கும்போது, பண்ணை கைவிட்டுப் போனது டெல்பினாவுக்கு வலித்தது. ஆனாலும் முதுகு வளையாமல்தான் வந்தாள். பண்ணையின் கம்பிக் கதவருகே வந்ததும் ஹார்லன் குதிரையை நிறுத்தினார்.

"வெயில் ஏறிடுச்சுன்னு நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்."

ஹார்லன் தாடையைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "போன வருஷம் கர்ட்டிஸ் எங்கிட்ட மூணு தடவ அப்படித்தான் சொன்னான். வெயில்ல வாசனை செத்துப்போச்சாம்." விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. "மூணும் டிசம்பர்ல. பல்லு கிட்டிப்போற குளிர்ல."

நார்பெர்ட்டால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். டெல்பினா உதட்டைக் கடித்துக்கொண்டு நாய்களைப் பார்த்தாள். ஹார்லன் இறங்கி, கதவை அவளுக்காகத் தானே திறந்துவிட்டார்.

"செப்டம்பர்ல எத்தனாம் தேதி வர்ற?" என்று கேட்டார்.